குட்டி யானையில் ஏறிய குதிரை!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

"குதிரைக்குக் குர்ரம்னா ஆனைக்கு அர்ரமா?" என்று ஒரு பழமொழி உண்டு. ஒன்றைத் தெரிந்துகொண்டு எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறவனைக் கிண்டல் செய்வதற்காகச் சொல்வது. என் கட்டுரையிலும் குதிரை உண்டு, ஆனையும் உண்டு. குதிரை நிஜக் குதிரை. ஆனை மட்டும் நாலு சக்கரத்து ஆனை! 2005-ல் டாடா கம்பெனி கொண்டு வந்த 'ஏஸ்' வண்டியை நம் ஊர்களில் 'குட்டி யானை' என்றுதானே கூப்பிடுகிறோம்? அந்தக் குட்டி யானையில், ஏறவே மாட்டேன் என்று நிற்கும் ஒரு குதிரையை எப்படி ஏற்றுவது என்பதுதான் நண்பர்களே, நான் சொல்லப் போகும் விஷயம். சிரிக்காதீர்கள்... அப்ளைடு மெக்கானிக்ஸும் இதில் வருகிறது!

பழனிக்கு வந்தவர்களுக்கு பஸ் ஸ்டாண்டுக்கும் அடிவாரத்துக்கும் நடுவே ஓடும் குதிரை வண்டிகளைத் தெரிந்திருக்கும். என் அப்பா அந்த வண்டிக்காரர்களில் ஒருவர். ஆட்டோக்கள் பெருகிய பிறகு சவாரி குறைந்துவிட்டது. தைப்பூசம், பங்குனி உத்திரம் கூட்டத்தில் வண்டி ஓடும். மற்ற நாட்களில் கொள்ளு வாங்கும் காசுக்கே கட்டாது. அதனால் அப்பா கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை விட ஆரம்பித்தார். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை என்றால் இப்போது நல்ல கிராக்கி. உள்ளூர் என்றால் நடத்தியே கூட்டிப் போய்விடலாம். உடுமலை, தாராபுரம், ஒட்டன்சத்திரம் என்று கூப்பிட்டால்? 30, 35 கிலோமீட்டர் தார் ரோட்டில் லாடம் தேய நடத்திவிட்டு, அன்று ராத்திரியே மேளத்துக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்த முடியுமா? வண்டியில்தான் ஏற்ற வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை.

எங்கள் பழைய குதிரை முத்து வயதாகிப் போய்ச் சேர்ந்த பிறகு, போன ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் அப்பா ஒரு பெண் குதிரை வாங்கினார். செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பழனிக்காரர் வாங்கினால் வேறு என்ன பெயர் வைப்பார்? வள்ளி! நடை அழகு, குணம் தங்கம். ஆனால் சந்தையில் வண்டி ஏற்றும்போது தரகரின் ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து முன்னால் கயிற்றை இழுத்து, பின்னால் குச்சியால் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். இரும்புத் தகட்டில் லாடம் வழுக்கி, பின்னங்கால் வண்டி விளிம்பில் உரசித் தோல் பெயர்ந்துவிட்டது. புண் பத்து நாளில் ஆறியது. பயம் ஆறவில்லை. அதற்குப் பிறகு வண்டி எதிரே வந்தாலே நாலு காலையும் ஊன்றி நின்றுவிடும். காது இரண்டும் வண்டிப் பக்கம் விறைக்கும், மூக்குத் துவாரம் விரியும், கண்ணில் வெள்ளை தெரியும். ஆவணியிலும் ஐப்பசியிலுமாக மூன்று கல்யாணம் கை நழுவிப் போயிற்று.

தை மாதத்தில் உடுமலையில் ஒரு முகூர்த்தம். அட்வான்ஸ் மூவாயிரம் வாங்கியாகிவிட்டது. "இதுக்கும் ஏறலைன்னா தரகங்கிட்டச் சொல்லிட வேண்டியதுதான்" என்றார் அப்பா. அம்மா ஒன்றும் பேசவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்தான். என் செமஸ்டர் பீஸும் அந்த நாலு காலில்தான் நடந்து வருகிறது. அப்போது எனக்கு செமஸ்டர் லீவு. "நான் பழக்கிப் பார்க்கறேம்ப்பா" என்றேன். "ஏண்டா, பாலிடெக்னிக்ல குதிரை ஏத்தவும் சொல்லிக் குடுக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டு அப்பா வண்டி பூட்டப் போய்விட்டார்.

சொல்லிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர்.

முதலாமவர், எங்கள் குதிரைக்கு லாடம் கட்டும் பாய். நாற்பது வருடமாகக் குதிரைக் காலைப் பிடித்தவர். அவர் சொன்னார்: "தம்பி, குதிரையோட கயிறு இழுக்கற போட்டி வெச்சுக்காதே. நீ இழுத்தா அது எதிர்ப் பக்கம்தான் இழுக்கும். அதோட பிறவிக் குணம் அது. நீ ஒரு ஆளு, அது முந்நூறு கிலோ. உன்னை விட அதுக்குப் பலம் ஜாஸ்தின்னு நீயே அதுக்குப் பாடம் எடுத்த மாதிரி ஆயிடும்!"

இரண்டாமவர், அரசு கால்நடை மருந்தகத்து டாக்டர். குதிரையை வண்டியில் கொண்டு போவதென்றால், அது பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். 1978-ஆம் வருட விலங்குகள் போக்குவரத்து விதிகளில் அப்படி இருக்கிறது. அதை விசாரிக்கப் போனபோது அவர் குதிரையின் கண்ணைப் பற்றிச் சொன்னது எனக்குப் புதிய விஷயம். குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 டிகிரி பார்க்குமாம். தெரியாத இடம் இரண்டுதான். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரம், வாலுக்கு நேர் பின்னால். நம்ம ஆட்கள் எங்கே நிற்கிறார்கள்? ஒருத்தன் நேர் முன்னால், மீதிப் பேர் நேர் பின்னால்! அதோடு வெயிலிலிருந்து இருட்டுக்குப் போனால் அதன் கண் பழக நம்மை விட அதிக நேரம் ஆகுமாம். தார்ப்பாய் போட்ட வண்டி நமக்கு நிழல். வள்ளிக்கு அது பள்ளமா குகையா என்றே தெரியாது. "ஓடித் தப்பிக்கிற ஜாதிப்பா அது. ஓட வழியில்லாத பெட்டிக்குள்ள தானா வந்து நில்லுன்னு சொல்றே. யோசிக்கத்தான் செய்யும்" என்றார் டாக்டர்.

இனி நம்ம பாடம். பக்கத்து வீட்டு மாமாவின் குட்டி யானையின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். வழக்கமாக மாடு ஏற்றுகிறவர்கள் வண்டியை ரிவர்ஸ் எடுத்து ஒரு மேட்டில் அணைத்துவிடுவார்கள். நல்ல யுக்திதான். ஆனால் உடுமலைக் கல்யாண மண்டபத்து வாசலில் மேட்டுக்கு எங்கே போவது? சாய்வுப் பலகைதான் வழி. மாமாவிடம் இருந்தது ஆறடிப் பலகை. கணக்குப் போட்டேன். இரண்டரையை ஆறால் வகுத்தால் சரிவு ஏறக்குறைய 25 டிகிரி. பத்தடிப் பலகை என்றால் 14.5 டிகிரிதான். 320 கிலோ குதிரை என்று வைத்துக்கொண்டால், சரிவு வழியாகக் கீழே இழுக்கும் எடை 133 கிலோவிலிருந்து 80 கிலோவாகக் குறைகிறது. சைன் தீட்டா எதற்கு உதவும் என்று முதல் வருடத்தில் கேட்ட நண்பர்களுக்கு இது சமர்ப்பணம்!

ஆனால் ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கூடும். அதே கனத்துப் பலகையில் நீளம் கூடினால் நடுவில் தொய்வு, நீளத்தின் மும்மடிக்குக் கூடும். ஆறடியிலிருந்து பத்தடிக்குப் போனால் தொய்வு நாலரை மடங்குக்கு மேல். மனிதன் நடந்தால் ஊஞ்சல் மாதிரி இருக்கும். குதிரைக்குக் காலடியில் தரை அசைந்தால் அதோடு கதை முடிந்தது. அதனால் பலகைக்கு நடுவில் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்தேன். தாங்கும் தூரம் பாதியானால் தொய்வு எட்டில் ஒரு பங்கு. மூன்றடி அகலப் பலகையில் அடிக்கு ஒரு ரீப்பர் கட்டை குறுக்கே அடித்து, மேலே சணல் சாக்கைப் போர்த்தி ஆணி அடித்தேன். வண்டித் தளத்தில் மணல் பரப்பி, மேலே வைக்கோல். இரும்பு சத்தமும் அடங்கியது, லாடம் வழுக்குவதும் நின்றது.

முதல் மூன்று நாள் ஏற்றவே முயலவில்லை. சாயங்காலம் மாமாவின் வண்டி வீட்டு முன்னால் நிற்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டும் வைத்துவிடுவேன். வள்ளிக்குக் கொள்ளு வைப்பது வண்டிக்குப் பத்தடி தள்ளி. அடுத்த நாள் எட்டடி. அடுத்த நாள் பலகையைத் தரையிலேயே படுக்க வைத்து அதன் மேல் நடத்தினேன். குளம்பு பட்டு 'டொக்' என்றதும் துள்ளி இறங்கிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சுற்றி வந்தோம். மறுபடி டொக். மறுபடி சுற்று. பதினைந்தாவது தடவை அந்தச் சத்தம் அதற்கு அலுத்துப் போய்விட்டது. எனக்கு அதற்கு முன்னாலேயே அலுத்துவிட்டது என்பது வேறு விஷயம்!

நாலாம் நாள் பலகையை வண்டியில் சாய்த்தேன். வாயில் கடிவாளம் இல்லை, தலைக்கயிறு மட்டும். நேர் முன்னால் நிற்காமல் தோள் பக்கம் நின்றேன். கயிறு லேசாக விறைக்கும் அளவுக்குப் பிடிப்பேன். இழுப்பதில்லை. பிடித்தபடி காத்திருப்பேன். வள்ளி ஒரு காலை முன்னால் வைக்க வேண்டும் என்பதுகூட இல்லை, உடம்பை முன்பக்கம் சாய்த்தாலே போதும், அந்த நொடியே கயிற்றைத் தளர்த்திவிடுவேன். பாய் சொன்னதில் ரகசியம் இதுதான். குதிரைக்குப் பரிசு வெல்லம் இல்லை, கயிறு தளர்வதுதான். எந்த வேலை செய்தபோது கயிறு தளர்ந்ததோ அந்த வேலையை அது மறுபடி செய்யும். பின்வாங்கி முரண்டு பிடிக்கும்போது நாம் பயந்து தளர்த்தினால், அதையும் அப்படியே கற்றுக்கொள்ளும். ஒரு நொடி பிந்தினாலும் பாடம் மாறிவிடும்.

அன்று ஒரு முன்னங்கால் பலகையில் ஏறியது. உடனே நானே பின்னால் இறக்கிவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஏறினதை ஏண்டா இறக்கறே?" ஏறுவதை விட இறங்குவதுதான் குதிரைக்குப் பயம். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல், சரிவில் பின்பக்கமாக அடி வைக்க வேண்டும். இறங்கத் தெரிந்துவிட்டால் ஏறத் தயக்கம் பாதியாகக் குறையும். ஒரு கால், இறக்கம். இரண்டு கால், இறக்கம். தினமும் அரை மணி நேரம்தான். நன்றாகச் செய்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போவேன்.

ஒன்பதாம் நாள் முன்னங்கால் இரண்டும் வண்டிக்குள் போயாயிற்று. அப்புறம் இரண்டு நாள் அசையவே இல்லை. பலகையில் குறையில்லை, கயிற்றில் குறையில்லை. பதினோராம் நாள்தான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. மேற்கு வெயில் முழுக்க வள்ளியின் முகத்துக்கு எதிரே. வண்டிக்குள் தார்ப்பாய் நிழல் கும்மிருட்டு. தார்ப்பாயைக் கழற்றிவிட்டு, வெயில் வண்டிக்குள் விழுகிற மாதிரி மாமாவைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். வள்ளி தலையைத் தாழ்த்தி வைக்கோலை மோந்தது. பெரிதாக ஒரு மூச்சு விட்டது. அப்புறம் டக், டக், டக், டக் என்று நாலு காலும் உள்ளே! நானும் மாமாவும் கத்தவில்லை. கத்தினால் இறங்கிவிடுமே. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஏறிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பின்னால் குறுக்குக் கட்டையைப் போட்ட பிறகுதான் தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அப்புறம்தான் கட்டையை எடுக்க வேண்டும். இது தலைகீழானால், கட்டியிருக்கும் தலையோடு குதிரை பின்னால் பாயும். கழுத்து முறிந்துபோகவும் கூடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. வண்டி ஓட்டுகிறவர், பின்னால் ஒரு ஜீவன் நாலு காலில் நின்றபடி ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்குக்கும் உடம்பைச் சமாளிக்கிறது என்று நினைத்து ஓட்ட வேண்டும். அடுத்து வந்த நாட்களில் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்திப் பழக்கினோம். அப்புறம் தெருவை ஒரு சுற்று. அப்புறம் பைபாஸ் வரை. பழையபடி தார்ப்பாய் கட்டியும் ஏற்றிப் பார்த்தோம். பதினெட்டாம் நாள் கயிறு தொங்கத் தொங்க வள்ளி தானாக ஏறியது.

உடுமலைக் கல்யாணத்துக்குப் போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஊர்வலமும் அமர்க்களம். வினை திரும்பும்போது வந்தது. ராத்திரி பதினோரு மணி. புது இடம். மண்டபத்து வாசலில் சீரியல் லைட் வெளிச்சம், வண்டிக்குள் இருட்டு. எங்கோ மிச்சமிருந்த சரவெடியை யாரோ கொளுத்தினார்கள். வள்ளி பலகை முன்னால் வந்து ஊன்றி நின்றுவிட்டது. பழைய வள்ளி!

மண்டபத்திலிருந்த இளைஞர்கள் நாலைந்து பேர் உதவிக்கு வந்தார்கள். "அண்ணா, நீங்க முன்னால இழுங்க, நாங்க பின்னால தள்ளிடறோம்" என்றார் ஒருவர். இன்னொருவர் கையில் எங்கிருந்தோ ஒரு மூங்கில் குச்சி. நல்ல மனதோடு வந்தவர்கள்தான். மாமாவுக்கோ விடியற்காலை தக்காளி லோடு ஏற்றப் போக வேண்டும், மணியை மணியைப் பார்த்தார். நான் கயிற்றை வாங்கப் போனேன். அதற்கு முன்னால் அப்பா பேசினார்.

"யாரும் பின்னால நிக்காதீங்க தம்பி. குச்சியைக் கீழ போட்டுடுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அதுவா ஏறும்."

முப்பது வருடம் சாட்டை பிடித்த கை அப்பாவுடையது. மண்டபத்து வாட்ச்மேனிடம் எமர்ஜென்சி லைட்டை வாங்கி வண்டிக்குள் வைக்கோல் மேல் வெளிச்சம் விழுகிற மாதிரி வைக்கச் சொன்னார். வள்ளியின் தோள் பக்கம் போய் நின்றார். முகத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தபடி கயிற்றை லேசாகப் பிடித்தார். வள்ளி முன்னால் சாய்ந்தது. கயிறு தளர்ந்தது. ஒரு கால். நிறுத்தம். மறுபடி பின்வாங்கல். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அந்த நாலைந்து பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். அப்புறம் ரீப்பர் கட்டைகள் மேல் வரிசையாக டக், டக் என்று சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது அப்பா முன் சீட்டுக்கு வரவில்லை. பின்னால் வள்ளிக்குப் பக்கத்திலேயே ஓரமாக நின்றுகொண்டார். நானும் நின்றேன். மடத்துக்குளம் தாண்டும் வரை பேசவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "முத்துவையும் இப்படிப் பழக்கியிருக்கலாம்டா... அதுவும் என்னமோ சொல்லத்தான் பார்த்துச்சு போல."

நான் பதில் சொல்லவில்லை. பதினான்கு வருடம் எங்கள் வண்டியை இழுத்த குதிரை அது.

நண்பர்களே! 'ஏற மாட்டேன்' என்று ஒரு ஜீவன் நிற்பதைத் திமிர் என்றுதான் நாம் பெயர் வைக்கிறோம். வள்ளி நின்றது திமிரில் அல்ல. 'தரை தாங்குமா? உள்ளே என்ன இருக்கு? வேணும்னா இறங்க முடியுமா?' என்று கேட்டுக்கொண்டு நின்றது. மூன்றுக்கும் பதில் கிடைத்ததும் ஏறிவிட்டது. தமிழ் மீடியத்திலிருந்து வந்து, முதல் வருடம் இங்கிலீஷ் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? 'படிடா படிடா' என்றவர்கள் நிறைய. போர்டில் ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்குப் பக்கத்திலும் தமிழில் எழுதிப் போட்ட ஆசிரியர் ஒருவர் எங்கள் வகுப்புக்குக் கிடைத்தார். பலகையைத் தரையில் போட்டுக் காட்டியவர் அவர்.

உங்களில் பலர் வீட்டில் மாடு இருக்கும், ஆடு இருக்கும். லீவில் போகும்போது சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ வண்டி ஏற்ற வேண்டி வரும். அப்போது குச்சியை எடுப்பதற்கு முன்னால், குனிந்து அதன் கண் உயரத்திலிருந்து வண்டிக்குள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பலகையில் நீங்களே ஒரு முறை ஏறி இறங்கிப் பாருங்கள், ஆடுகிறதா என்று. ஆடினால் நடுவில் ஒரு முட்டுக் கொடுங்கள். இதற்கு டிப்ளமோகூடத் தேவையில்லை!